பின்னிருக்கை நீக்கப் பலகை

பின்னிருக்கை நீக்கப் பலகை என்பது பிக்கப் வண்டியின் பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் பொருத்தப்படும் சமதளப் பலகை ஆகும். வட அமெரிக்காவில் டொயோட்டா டகோமா போன்ற வண்டிகளில் நெடும்பயணம் செல்வோர், கருவிகளையும் குளிர்பெட்டியையும் வைப்பதற்காக இதனை அமைக்கின்றனர்.

அமைக்கும் முறை

இருக்கையின் கீழுள்ள தளம் மேடுபள்ளமானது. எனவே முதலில் அட்டையை வெட்டி அளவு பார்க்கப்படுகின்றது. அதன்படி 12 முதல் 18 மி.மீ. தடிப்புள்ள ஒட்டுப்பலகை அறுக்கப்பட்டு, ஒரு சட்டத்தின் மீது பொருத்தப்படுகின்றது. இருக்கையைத் தாங்கிய அதே துளைகளில் சட்டம் முடுக்கப்படுவதால், புதிதாகத் துளையிட வேண்டியதில்லை. பின்னர் இருக்கையை மீண்டும் பொருத்தவும் இயலும். பல வண்டிகளில் ஜாக்கி பின்னிருக்கையை ஒட்டியே வைக்கப்பட்டிருக்கும். அதனை எடுக்கப் பலகையில் திறப்பு மூடி அமைக்க வேண்டும்.

பாதுகாப்பு

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி மோதி நின்றால், கட்டப்படாத பொருள் ஏறக்குறைய அதே வேகத்தில் முன்னிருக்கையை நோக்கிப் பாயும். பலகையில் மட்டும் திருகப்பட்ட கொக்கி அவ்விசையில் பிடுங்கிக்கொள்ளக்கூடும். ஆகவே கொக்கிகள் வண்டியின் உலோக உடலுடன் இணைக்கப்பட வேண்டும். இப்பலகை இருக்கைக்கு மாற்று அன்று. இதன்மேல் எவரும் அமர்ந்து பயணிக்கக் கூடாது.