ஒடிஞ்சது அவர் கால், நொண்டினது எங்க வீடு

(பட்டிமன்றத் தலைப்பு: பெரியவர்கள் ஆடும் கால்பந்தில் ஷின் கார்டு கட்டாயமா, அவரவர் விருப்பமா? ‘கட்டாயமே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய ஆசிரியையின் உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! “எங்கள் கால், எங்கள் உரிமை” என்று முழங்கிவிட்டு, இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! திரண்டு வந்திருக்கும் மதுரைப் பெருமக்களே! வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். “இந்த அம்மா என்னைக்காவது பந்தைக் காலால தொட்டிருக்காங்களா? இவங்களுக்கு எதுக்கு ஃபுட்பால் பஞ்சாயத்து?” என்றார். நியாயமான கேள்விதான். நான் பந்தை உதைத்ததில்லை. ஆனால் பந்தை உதைக்கப் போன ஒருத்தருக்கு ஐந்து மாதம் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தகுதி போதுமா ஐயா? (சிரிப்பு, கைதட்டல்)

முதலில் ஷின் கார்டு என்றால் என்ன என்று தெரியாத தாய்மார்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் குனிந்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பின்பக்கம் கெண்டைச் சதை இருக்கிறது. முன்பக்கம்? தோல், அதுக்கு அடுத்தது எலும்பு. நடுவில் சதையே கிடையாது. ராத்திரி கரண்ட் போனபோது கட்டில் கால்ல இடிச்சுக்கிட்டு, “ஐயோ அம்மா”ன்னு உட்கார்ந்தீங்களே, அதே இடம்தான். கட்டிலே அந்தப் பாடு படுத்தினால், ஓடி வருகிற ஆளின் பூட்ஸ் என்ன பாடு படுத்தும்?

அந்த எலும்பில் இன்னொரு சிக்கல். அதன் கீழ்ப் பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் ஒடிந்தால் சீக்கிரம் கூடாது. மாதக் கணக்கில் இழுக்கும். அந்த எலும்புக்கு மேலே, காலுறைக்குள் வைக்கிற ஒரு தகடுதான் ஷின் கார்டு. வெளியே கெட்டியான ஓடு, உள்ளே மெத்தென்ற பஞ்சு. ஒரே புள்ளியில் விழுகிற அடியை ஓடு பரப்பிவிடும், பஞ்சு கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை.

இதைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்கு ஆடிய சாம் வில்லர் விடோசன் என்பவர். அவர் கிரிக்கெட்டும் ஆடுவார். 1874-இல், கிரிக்கெட் பேடை வெட்டிச் சின்னதாக்கி, காலுறைக்கு வெளியே கட்டிக்கொண்டு கால்பந்து ஆட வந்தார். மைதானத்தில் என்ன நடந்தது? சிரித்தார்கள் ஐயா! இந்தச் சிரிப்பை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். என் வழக்கே அந்தச் சிரிப்பின் மேல்தான்.

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

வைகைக்கு வடகரையில் எங்கள் தெரு. பொங்கல் வந்தால் எங்கள் இளைஞர்கள் ஒரு கால்பந்துப் போட்டி வைப்பார்கள். கல்யாணம் ஆனவங்க ஒரு அணி, ஆகாதவங்க ஒரு அணி. என் வீட்டுக்காரருக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. ஒரு ஜவுளிக் கடையில் சேல்ஸ்மேன். காலையில் நிற்க ஆரம்பித்தால் ராத்திரி வரைக்கும் நின்றே பார்க்கிற வேலை.

எங்கள் பையன் பள்ளி அணியில் ஆடுகிறான். அங்கே ஷின் கார்டு இல்லாமல் மைதானத்துக்குள் விடமாட்டார்கள். அவனுக்கு வாங்கியபோதே அப்பாவுக்கும் ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தான். “அப்பா, இதைப் போட்டுக்கிட்டுப் போங்கப்பா” என்று கையில் கொடுத்தான். இவரும் கட்டிக்கொண்டுதான் போனார். அங்கே அவருடைய சிநேகிதர் ஒருவர் பார்த்துவிட்டு, “என்ன மாப்ளே, எல்.கே.ஜி.யில சேர்ந்துட்டியா?” என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரிப்பு. இவர் கழற்றி எங்கள் பையன் கையிலேயே கொடுத்துவிட்டார்.

பத்தே நிமிஷம். பந்தைக் குறிவைத்து எதிரணிப் பையன் ஓங்கி உதைத்தான். பந்து விலகிப்போச்சு. உதை இவர் காலில் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கோட்டுக்கு வெளியே நின்ற என் பையன் கேட்டான், கையில் ஷின் கார்டோடு.

பெரியாஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்துச் சரி செய்தார்கள். வைத்தியத்துக்குப் பணம் கேட்கவில்லை. அந்தப் புண்ணியத்தை நான் மறக்கமாட்டேன். ஆனால் கால் ஊன்ற முடியாத ஆளுக்குக் கடையில் சம்பளம் உண்டா? ஐந்து மாதம் கிடையாது. என் வளையல் இரண்டும் அடகுக் கடைக்கு நடந்து போயின. அவர் கால் நடக்கவில்லை, என் வளையல் நடந்தது! (கைதட்டல்) மாமியார் தாயத்து கட்டினார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து டியூஷன் எடுத்தேன். எதிரணி நண்பர் சொன்னாரே, “என் கால், என் இஷ்டம்” என்று. ஒடிஞ்சது அவர் கால்தான் ஐயா. நொண்டினது எங்க வீடு!

இன்னொரு ஆளை மறந்துவிடாதீர்கள். உதைத்தானே அந்தப் பையன், இருபத்திரண்டு வயது. தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாசல்லயே நிற்பான். உள்ளே வர மாட்டான். “அக்கா, நான் பந்தைத்தான்க்கா பார்த்தேன்” என்பான். அதற்குப் பிறகு அவன் பந்தையே தொடவில்லை. ஷின் கார்டு போடுகிறவன் தன் காலை மட்டுமா காப்பாற்றுகிறான்? தன்னை உதைக்கப் போகிறவனின் மனசையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறான்.

நடுவர் அவர்களே! நேர்மையாக ஒன்று சொல்கிறேன். “இதைப் போட்டிருந்தால் ஒடிந்தே இருக்காதா?” என்று டாக்டரிடம் கேட்டேன். “அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா அடியோட வேகம் குறைஞ்சிருக்கும்” என்றார். ஷின் கார்டு மந்திரத் தாயத்து கிடையாது. 1999-இல் ஹென்ரிக் லார்சன் என்ற ஸ்வீடன் வீரருக்கு, பிரான்சில் நடந்த யூஃபா கோப்பை ஆட்டத்தில் கால் முறிந்தது. ஷின் கார்டு கட்டாயமாக இருந்த போட்டிதான் அது. முழங்கால் முறுக்கிக்கொண்டாலும், கணுக்கால் பிசகினாலும் இந்தத் தகடு ஒன்றும் செய்யாது. சிராய்ப்பு, வெட்டு, வீக்கம், நேரடி உதை, இவற்றுக்குத்தான் இது. குடை பிடித்தாலும் கால் நனையத்தான் செய்கிறது. அதுக்காக மழையில் குடையை மடக்கி வைக்கிறோமா?

அடுத்து, எதிரணியில் ஒருவர் வரலாறு பேசினார். “1911-இல் மோகன் பகான் அணி வெறுங்காலோடு வெள்ளைக்கார ராணுவ அணியை ஜெயிச்சுக் கேடயம் வாங்கியது” என்றார். உண்மை. நெஞ்சு நிமிர வேண்டிய வெற்றி. அந்தப் பதினோரு பேரில் ஒருத்தர் பூட்ஸ் போட்டிருந்தார் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். (சிரிப்பு) அதற்குப் பிறகு என்ன ஆச்சு? 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலோடு போய், யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்றோம். அதன் பிறகுதான் நம் நாட்டுச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. பூட்ஸ் போட்டதால் வீரம் குறைந்ததா? 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது இடத்துக்கு வந்தோமே!

உலக விதி என்ன சொல்கிறது? 1990-இலிருந்து ஷின் கார்டு கட்டாயம். கால்பந்து விதிப் புத்தகத்தில் நாலாவது விதி. சட்டை, கால்சட்டை, காலுறை, ஷின் கார்டு, காலணி, ஐந்தும் இருக்க வேண்டும். அதில் சிறுவருக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று என்று பிரிவே இல்லை. வயசானவர்கள் ஆடினால் ஆட்ட நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், மைதானத்தைச் சின்னதாக்கிக்கொள்ளலாம், அதற்கெல்லாம் இடம் தந்திருக்கிறார்கள். ஷின் கார்டைக் கழற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லவில்லை. அப்புறம் ஏன் நம் தெருப் போட்டியிலும் ஊர்ப் போட்டியிலும் இதைக் கேட்கிற ஆள் இல்லை?

இங்கேதான் அந்தச் சிரிப்பு வருகிறது ஐயா. பயப்படுகிறவன் என்று பெயர் வாங்க எந்த ஆண்பிள்ளைக்கும் மனசு வருவதில்லை. 1998-இல் நம் நாட்டுக் கிரிக்கெட் வீரர் ராமன் லம்பா, டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில் மட்டைக்காரருக்குப் பக்கத்தில் ஹெல்மெட் இல்லாமல் நின்றார். ஓவரில் சில பந்துதானே பாக்கி என்று ஹெல்மெட் வேண்டாம் என்றதாக அப்போது செய்தி வந்தது. பந்து தலையில் பட்டது. மூன்று நாளில் போய்விட்டார். வயது முப்பத்தெட்டு. அனுபவம் இல்லாத பிள்ளையா அவர்? நாட்டுக்காக ஆடியவர்!

நம் மதுரைக்கே வாருங்கள். 2015 ஜூலை ஒன்றாம் தேதி, உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, வண்டி ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று வந்தது. அதற்கு முன்னால் ஹெல்மெட் போட்டவரைப் பார்த்து, “என்ன சார், நிலாவுக்குப் போறீங்களா?” என்று கேட்டவர்கள்தானே நாம்! இப்போதும் சிலர் அதைப் பெட்ரோல் டேங்குக்குத்தான் போடுகிறார்கள், கோரிப்பாளையத்தில் போலீஸ்காரரைப் பார்த்ததும் தலைக்கு மாற்றுகிறார்கள். இருக்கட்டும். ஆனால் போட்டவரைப் பார்த்து இன்றைக்கு யாராவது சிரிக்கிறார்களா? கேலி போச்சே! சட்டம் அடிச்சது அபராதத்தால மட்டும் இல்லை, “நான் பயந்து போடலைப்பா, ரூல் இருக்கு, அதான் போட்டேன்” என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்குக் கொடுத்ததே, அதனாலும்தான். புத்தி இருக்கிறவனுக்கு வெட்கமில்லாமல் நடந்துகொள்ள ஒரு சாக்கு வேண்டும். அந்தச் சாக்குக்குப் பெயர்தான் கட்டாயம்! (கைதட்டல்)

அலங்காநல்லூரையும் பாலமேட்டையும் அவனியாபுரத்தையும் விட வீரம் எங்கே இருக்கிறது? அங்கே காளை பிடிக்கப் போகிறவரை டாக்டர் சோதித்துத்தான் உள்ளே அனுப்புகிறார். களத்தில் தேங்காய் நார் பரப்புகிறார்கள், இரண்டு பக்கமும் தடுப்பு வேலி போடுகிறார்கள். “இவ்வளவு பாதுகாப்பா? அப்ப இது வீர விளையாட்டே இல்லை” என்று அங்கே போய் எதிரணி நண்பர்கள் சொல்லட்டும். நான் தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறேன்.

கடைசியாக, காசு. “ஏழைப் பையன் எங்கே போவான்?” என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு நான் தலை வணங்குகிறேன். கோடையில் வற்றின கண்மாயில் வெறுங்காலோடு பந்து உதைக்கிற பிள்ளையைத் துரத்திக்கொண்டு போய், “ஷின் கார்டு எங்கே?” என்று யாரும் கேட்க வேண்டாம். நான் கேட்பது விசில், நடுவர், கோப்பை, நுழைவுக் கட்டணம் என்று முறையாக நடக்கிற போட்டியில். கோப்பைக்கும் மைக் செட்டுக்கும் பணம் இருக்கிறது அல்லவா? சில நூறு ரூபாயில் ஒரு ஜோடி கிடைக்கிறது. போட்டி நடத்துகிறவர்கள் ஒரு சாக்கில் இருபது ஜோடி வாங்கி வையுங்கள். இல்லாதவன் போட்டுக்கொண்டு ஆடட்டும், முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். மைதான நடுவர் ஒரே ஒரு வேலை செய்யட்டும். விசில் ஊதுவதற்கு முன்னால் எல்லார் காலையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கட்டும்.

எங்கள் தெருவில் இப்போது அந்த வழக்கம் வந்துவிட்டது. போன பொங்கலுக்கு என் வீட்டுக்காரர் ஆடவில்லை. கையில் விசிலோடு வாசலில் நின்று, ஒவ்வொருத்தர் காலாகத் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். அவரை எல்.கே.ஜி. என்று சொன்ன அந்தச் சிநேகிதரும் வரிசையில் நின்றார். அவர் காலில் இரண்டு தட்டு, கொஞ்சம் பலமாகவே! (சிரிப்பு)

ஆகவே நடுவர் அவர்களே, பிள்ளைகளின் காலை நாம் காப்பாற்றுகிறோம், அந்தப் பிள்ளைகளைத் தாங்கி நிற்கிற காலை அவரவர் விருப்பம் என்று விட்டுவிடுகிறோம். அது நியாயமில்லை. பெரியவர்கள் ஆடும் கால்பந்திலும் ஷின் கார்டு கட்டாயமே என்று தீர்ப்புத் தாருங்கள்.