உங்களுக்குத் தெரியுமா? பெட்ரோலைப் பற்றிப் பேசாத பெட்ரோனாஸ் விளம்பரம்

2007 மெர்டேக்காவுக்கு, அதாவது மலேசியச் சுதந்திர தினத்துக்கு, இயக்குநர் யாஸ்மின் அகமட் எடுத்த பெட்ரோனாஸ் எண்ணெய் நிறுவன விளம்பரத்தில் பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாரைப் பிடிக்கும் என்று கேட்டதும், ஒரு சீனப் பையன் தன் மலாய்த் தோழியின் பெயரை வெட்கத்தோடு சொல்கிறான். அவளைக் கேட்டால், அவளும் அவன் பெயரையே சொல்கிறாள். பையன் முகத்தைப் பார்க்கணுமே! பிள்ளைகளுக்கு வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. மறுவருடம் கான் விளம்பர விழாவில் அதற்குத் தங்கச் சிங்கம் கிடைத்தது.

ரவாங்கில் தீபாவளி முறுக்கு விற்பவரின் விளம்பரக் காணொளிக்கும், சொல்லாமல் காட்டும் இந்த வழி ஒத்துவரும். "தரமான சுவை" என்று முழங்கும் பின்னணிக் குரல் எதற்கு? கொதிக்கும் எண்ணெயில் மாவு பிழியும் கையை எடுத்த எடுப்பிலேயே காட்டுங்கள். கைத்தொலைபேசியில் பலர் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்கள். அதனால் விலையையும் வாட்சாப் எண்ணையும் திரையில் பெரிதாக எழுதிவிடுங்கள்.