வழக்கு முடியுமுன் வாரிசுப் பங்கில் முற்பணம்

"வாப்பா வபாத்தாகி ஒன்றரை வருடமாகிறது. மரணசாதன வழக்கு இன்னும் தவணையில் போகிறது. என் பங்கை வைத்து இப்போதே கொஞ்சம் பணம் எடுக்க வழியுண்டா?" கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நமது கரையோர ஊர்களில் கடை வைத்திருக்கும் பலர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். ஊரில் இதற்கென்று கம்பனி எதுவும் கிடையாது. ஆனால் அவசரத்திலிருக்கும் வாரிசின் பங்கைப் பாதி விலைக்குக் கேட்கும் ஆட்கள் எப்போதும் இருக்கிறார்கள். அவர்களிடம் போகுமுன் சில விடயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில், பணம் ஏன் முடங்குகிறது? வாடிக்கையாளர் இறந்த செய்தி வங்கிக்குக் கிடைத்ததும், அவர் எழுதிய காசோலைக்குப் பணம் கொடுக்கும் அதிகாரம் முடிந்துவிடுகிறது. நம்மவர்கள் பாதி வியாபாரத்தைப் பிந்திய திகதிக் காசோலையில்தான் நடத்துகிறோம். கடைக்காரர் கண்ணை மூடிய மறுவாரமே காசோலைகள் திரும்பும், சரக்குக் கொடுத்தவர்கள் வாசலில் நிற்பார்கள். இத்தாவில் இருக்கும் உம்மாவிடம் கணக்குக் கேட்கும் கூத்தும் நடக்கிறது.

இதற்குக் காதி நீதிமன்றத்துக்கு ஓடிப் பயனில்லை. திருமணம், விவாகரத்து, தாபரிப்பு ஆகியவைதான் காதியாரின் வேலை. வாரிசுச் சொத்தை நிருவகிக்கும் அதிகாரத்தை மாவட்ட நீதிமன்றமே வழங்கும். மரணசாதனம் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்து அவரது மத்ஹபின் சட்டப்படி பிரியும் என்று 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. பங்கு எவ்வளவு என்பதில் பெரும்பாலும் தகராறு இல்லை. அறிவித்தல், ஆட்சேபனை, சொத்து விபரம், கடன் கணக்கு என்பவற்றில்தான் காலம் போகிறது. ஒரு வாரிசு ஆட்சேபித்தால் வருடங்களும் போகும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இந்தச் சிக்கலின் முழு உருவத்தையும் நமது ஊர்கள் கண்டன. ஜனாஸாவே கிடைக்காதவர்களுக்கு மரணச் சான்றிதழ் எப்படி எடுப்பது? அதற்காகவே 2005இல் 16ஆம் இலக்க சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. ஒரே வீட்டில் பலர் ஒன்றாக இறந்து, யார் முந்தியவர் என்பது தெரியாத இடத்தில் ஒருவருக்கொருவர் வாரிசாகமாட்டார்கள் என்ற ஷாபிஈ சட்டத்தைப் பலர் அப்போதுதான் கேள்விப்பட்டார்கள்.

அமெரிக்காவில் வாரிசுக்கு முற்பணம் கொடுப்பதே ஒரு தொழில். கம்பனி இன்று ஒரு தொகையைத் தரும். வழக்கு முடிந்ததும் அதைவிடப் பெரிய தொகையைச் சொத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். கலிபோர்னியாவின் ஒரு மாவட்டத்தில் நீதிமன்றக் கோவைகளை ஆராய்ந்து சட்டப் பேராசிரியர்கள் 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட 77 முற்பணங்களில் கம்பனிகள் கொடுத்தது சுமார் 8 இலட்சம் டொலர். அதற்காக எழுதி வாங்கியது 13 இலட்சத்துக்கும் மேல். பெயர் முற்பணமோ பங்கு விற்பனையோ, பணத்துக்குப் பதிலாகக் கூடுதல் பணம் என்றால் அது என்ன என்பதை நமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நமக்கு உகந்த வழி குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. வசதியுள்ள ஒரு வாரிசு மற்றவருக்குக் கர்ழ் ஹஸனாகக் கொடுத்து, பங்கீட்டின்போது கொடுத்த தொகையை மட்டும் கழித்துக்கொள்ளலாம். அல்லது நிருவாகியாக நியமிக்கப்பட்டவர், கையிலுள்ள பணத்தில் கடனுக்குப் போதியதை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொருவருக்கும் பங்கின் கணக்கில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். சட்டத்தரணியிடம் கேட்டு, நீதிமன்றக் கணக்கில் ஏறும்படி செய்யவேண்டும்.

எவ்வளவு கொடுக்கலாம் என்பதில்தான் கவனம் தேவை. ஓர் உதாரணம்: சொத்து 60 இலட்சம்; வாரிசுகள் மனைவி, இரண்டு ஆண் மக்கள், இரண்டு பெண் மக்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதியில் ஆணுக்குப் பெண்ணின் இருமடங்கு. இப்படிப் பார்த்தால் ஒரு மகனுக்கு 17½ இலட்சம் வருகிறது. ஆனால் கடை கொடுக்கவேண்டிய கடன் 12 இலட்சம் என்று பிறகு தெரியவருகிறது. மீதி 48 இலட்சம். மனைவிக்கு 6, ஆளுக்கு ஆண் மக்களுக்கு 14, பெண் மக்களுக்கு 7. முதல் மாதமே 17 இலட்சத்தை வாங்கிச் செலவழித்த மகன் 3 இலட்சத்தை உம்மாவின், சகோதரங்களின் பங்கிலிருந்து தின்றிருக்கிறார். கொடுக்கப்படாத மஹரும், நிறைவேற்றாத ஸகாத்தும் கடன்தான் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே வபாத்தான சில நாட்களுக்குள்ளேயே கடைச் சரக்கை எண்ணி, வரவேண்டியது, கொடுக்கவேண்டியது, வெளியில் நிற்கும் காசோலை எல்லாவற்றையும் எழுதி எல்லா வாரிசுகளும் ஒப்பமிட வேண்டும். அதன்பிறகு கடையில் நிற்கும் மகன் எடுக்கும் ஒவ்வொரு ரூபாவும் சம்பளமா, பங்கா என்று அன்றன்றே எழுதப்படவேண்டும். பருவமடையாத வாரிசு இருந்தால் அவரது பங்கில் யாரும் விட்டுக்கொடுக்க முடியாது, உம்மா உட்பட.

பெண் மக்களைப் பற்றியும் சொல்லவேண்டும். "உனக்குச் சீதனத்தில் வீடு தந்தாச்சு" என்று கூறி ஒப்பம் வாங்கிவிடுவது நமது பகுதியில் சாதாரணம். வாப்பா உயிரோடிருக்கும்போது கொடுத்த வீடு நன்கொடை. அதைக் காட்டிப் பராயிழ் பங்கை இல்லாமலாக்க எந்த நொத்தாரிசின் உறுதிக்கும் வலிமை கிடையாது. விரும்பி விட்டுக்கொடுத்தால் அது வேறு.

ஒரு வாரிசு முழுதாகவே விலகிக்கொள்ள விரும்பினால், குறித்த ஒரு பொருளையோ தொகையையோ பெற்றுக்கொண்டு பங்கை மற்ற வாரிசுகளுக்கு விட்டுவிடும் 'தகாருஜ்' முறை இருக்கிறது. வெளியாருக்கு அரைவிலைக்கு விற்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் சொத்தில் ரொக்கமும் நகையும் கலந்திருந்தால் ஆலிமிடம் கேளாமல் செய்யக்கூடாது. வட்டி நுழையும் இடம் அது.

உயிரோடிருப்பவர்களுக்கு ஒன்று. வங்கிக் கணக்கில் பெயர் நியமித்துவைத்தால் அந்தப் பணம் வழக்குக்காகக் காத்திராமல் குடும்பத்துக்குக் கிடைக்கும், மையித்துச் செலவும் கடனும் தடங்கலின்றி நடக்கும். ஆனால் நியமிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுப் பங்கிடவேண்டியவரே தவிர, மார்க்கப்படி அதற்குத் தனிச் சொந்தக்காரர் அல்ல. யாருடைய பெயரை எழுதுகிறீர்களோ, அவரிடம் இதை இப்போதே சொல்லி, சாட்சி வைத்துக் கடிதத்திலும் எழுதிவையுங்கள்.