சீன எழுத்தும் தூரிகையும்

ஜொகூர் பாரு ராஜமாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள் சற்று நடந்தால், ஜாலான் துருஸில் பழைய சீனக் கோவிலைக் காணலாம். அங்கே 1870ஆம் ஆண்டைக் குறிக்கும் பெயர்ப்பலகை இருக்கிறது. அதிலுள்ள எழுத்துகளையும், சீனப் பெருநாளில் வாசலில் ஒட்டும் சிவப்புத்தாள் எழுத்துகளையும் ஏதோ படம் என்று எண்ணி நாம் கடந்துவிடுகிறோம். அவை படங்கள் அல்ல. ஒவ்வொரு கோட்டுக்கும் முறை உண்டு. முன்பின் வரிசையும் உண்டு.

சீன எழுத்துநடைகளில் திருத்தமானது 'கைஷூ'. தாங் அரச காலத்தில், அதாவது 618 முதல் 907 வரை, இது நன்கு முதிர்ந்தது. பள்ளிப் பிள்ளைகள் முதலில் பழகுவதும் பெரும்பாலும் இதைத்தான்.

நாமும் ஒரு தூரிகை வாங்கிப் பழகிப் பார்த்தோம். முதல் கோடே கம்பளிப்பூச்சி போல வந்தது! பிறகுதான் காரணம் புரிந்தது. தூரிகையைப் பேனா போலச் சாய்க்கக் கூடாது; செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். உள்ளங்கைக்குள் ஒரு முட்டை இருப்பதுபோல் இடம் விட வேண்டும். படுக்கைக் கோடு போடும்போது, நுனியை முதலில் சற்று இடப்பக்கம் கொண்டுபோய், அழுத்தித் திருப்பி, வலப்பக்கம் இழுக்க வேண்டும். நடுவில் லேசாகத் தூக்கி, முடிவில் அழுத்தி, வந்த வழியே நுனியைத் திருப்பி எடுக்க வேண்டும். பால்மரம் வெட்டியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோடு போனால் பால் இல்லை. தூரிகையிலும் எல்லாம் கையின் அழுத்தம்தான்.

இனி எழுத்தின் கட்டுக்கோப்பைப் பார்ப்போம். 'மரம்' என்ற எழுத்துக்கு நான்கு கோடுகள். முதலில் படுக்கைக் கோடு, அடுத்து நெடுங்கோடு, பிறகு இடப்பக்கம் சரியும் கோடு, கடைசியில் வலப்பக்கம் சரியும் கோடு. இந்த மரத்தை இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் 'காடு'. ஆனால் ஒரே அச்சில் இரண்டு மரங்களை வைத்துவிட முடியாது. இடப்பக்க மரம் ஒடுங்கி நிற்கும். அதன் வலக்கை நீண்டால் அடுத்த மரத்தில் இடிக்குமே! ஆகவே அந்தக் கடைசிக் கோடு சுருங்கி வெறும் புள்ளியாகிவிடும். வலப்பக்க மரம் மட்டும் காலை அகல விரித்து நிற்கும். பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் காட்டியபோது, "லயத்து வீடு மாதிரி, சார்" என்றான் ஒருவன்.

நமக்குத் தெரிந்த சீனர்களில் 'லிம்' என்ற குடும்பப் பெயர் உடையவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பெயருக்கு உரிய எழுத்து இந்தக் காடுதான். அடுத்த முறை பட்டணத்துக்குப் போகும்போது கடைப் பலகைகளில் அதைத் தேடிப் பாருங்கள். இடப்பக்க மரம் கையை மடக்கியிருக்கிறதா என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.