மோதாத ரயில் தந்த காயம்

மோதாமலே ஒரு ரயில் நம்மைக் காயப்படுத்துமா? 1886-இல் மெல்போர்ன் அருகே, ரயில் வரும் வேளையில் கேட் கீப்பர் கவனக்குறைவாகக் கேட்டைத் திறந்துவிட்டார். தண்டவாளத்தைக் கடந்த குதிரைவண்டி மயிரிழையில் தப்பியது. அதிலிருந்த பெண்மணி அதிர்ச்சியால் நோயுற்றார். உடற்காயமில்லாத வெறும் அச்சத்துக்கு இழப்பீடு இல்லை என்று 1888-இல் லண்டன் பிரிவி கவுன்சில் கூறிவிட்டது.

அச்சம் வெறும் எண்ணமா? மூளை ஆபத்தை உணர்ந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. சிலருக்கு ஆபத்து நீங்கிய பின்னும் அந்நினைவு மாதக்கணக்கில் உறக்கத்தைக் கெடுக்கிறது.

1901-இல் இங்கிலாந்தில், மதுவிடுதிக்குள் பாய்ந்த குதிரைவண்டி தம்மீது படாமலே அதிர்ச்சியுற்ற கர்ப்பிணிக்கு வழக்காடும் உரிமை உண்டு என நீதிமன்றம் ஏற்றது. ஆயினும் அங்கு வருத்தம் மட்டும் போதாது. மருத்துவம் ஏற்கும் மனநோய் என நிறுவ வேண்டும்.

எலும்பு முறிவுக்கு எக்ஸ்-கதிர்ப் படம் சாட்சி. மனக்காயத்துக்கு மருத்துவரின் அறிக்கையே சாட்சி. எனவே, அதிர்ச்சிக்குப்பின் மருத்துவரை நாடத் தயங்கலாமா?