இளவேனிலில் சைக்கிளும் வலசைப் பறவையும்

மாசி மாதம் முடியும் தறுவாயில், விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு குளத்தங்கரைக்குச் செல்லுங்கள். நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளமானால் மிகவும் நல்லது. மங்கோலியா, திபெத் முதலிய இடங்களிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வந்த வரித்தலை வாத்துகள் வடக்கே திரும்பும் பருவம் அது. வெண்ணிறத் தலையின் பின்புறம் இரண்டு கரும்பட்டைகள். அடையாளம் காண்பது எளிது.

சைக்கிள் எதற்கு? நடப்பதற்குச் செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே அதே தூரத்தைச் சைக்கிளில் கடக்கப் போதும். ஒரே காலையில் மூன்று நான்கு குளங்களைப் பார்த்துவிடலாம். எஞ்சின் இரைச்சலும் இல்லை. ஆனால் வேகமாக மிதித்தால் காதருகே காற்று சுழன்று இரையும். பறவைக் குரல் அதில் அமுங்கிப்போகும். மெல்ல மிதியுங்கள்.

விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருக்கும். வெப்பக் காற்றில் ஒலி விரைந்து செல்லுமாதலால், மேல்நோக்கிப் போகும் ஒலியலைகள் வளைந்து தரைக்கே திரும்புகின்றன. தொலைவிலுள்ள பறவைகளின் கூச்சல் அப்போது நன்றாகக் கேட்பது இதனால்தான். வெயில் ஏறியதும் நிலைமை தலைகீழாகிவிடும்.

இனி வாத்துக்கு வருவோம். இரண்டு, மூன்று கிலோ எடையுள்ள இப்பறவை இமயமலையைத் தாண்ட வேண்டும். உடலில் சிறு கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்தபோது, ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவாயிற்று. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. சிறகு உந்துவதற்கும் காற்று போதாது, மூச்சுக்கும் ஆக்சிஜன் போதாது. ஆகவே இவை உயரத்திலேயே நேராகப் பறந்துவிடுவதில்லை. நிலத்தின் மேடுபள்ளத்தை ஒட்டி ஏறியும் இறங்கியும் செல்கின்றன என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏறிய உயரத்தை இழந்து மறுபடி ஏறுவது வீண் வேலை என்று நமக்குத் தோன்றும். மெலிந்த காற்றில் நெடுநேரம் சிறகடிப்பதைவிட அதுவே சிக்கனம்!

இவ்வளவுக்கும் எரிபொருள் கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்பு சுமார் 9 கிலோகலோரி தரும். மாவுச்சத்து 4 தான் தரும். சுமை குறைய வேண்டிய பயணிக்கு எது ஏற்றது என்பது உங்களுக்கே விளங்கும். புறப்படுமுன் மேய்ந்து மேய்ந்து இதைச் சேர்த்துக்கொள்கிறது வாத்து. அந்த நேரத்தில் படம் எடுக்கும் ஆசையில் நாம் நெருங்கிப்போய்க் கூட்டத்தைக் கிளப்பிவிட்டால்? தரையிலிருந்து எழும்புவதற்கு ஆற்றல் மிகுதியாகச் செலவாகும். மேயும் நேரமும் போயிற்று. அந்த இழப்பை வழியில் மலைமேல் ஈடுகட்ட முடியாது.

வாத்து மேய்வதை நிறுத்திக் கழுத்தை நீட்டி உங்களைப் பார்க்கிறதா? அதுவே எல்லை. சைக்கிளை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்கும்படி நின்றால், தொலைவிலிருந்தே பைனாகுலரில் பட்டைகள் துலக்கமாகத் தெரியும். கடைசிக் கூட்டத்தைக் கண்ட தேதியை நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.