ஏலகிரி மலையில் ஒரு நாள் நடைபயணம்

ஏலகிரி மலையில் ஒரு நாள் நடைபயணம் என்பது, தமிழ்நாட்டின் திருப்பத்தூர் மாவட்டத்திலுள்ள ஏலகிரி மலையில் காலையில் தொடங்கி அன்று மாலைக்குள் முடிக்கத்தக்க மிதமான மலை நடையைக் குறிக்கும். இம்மலை 2019 ஆம் ஆண்டு வரை வேலூர் மாவட்டத்தில் இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் நகரங்களுக்கு மிக அருகில் உள்ளதால், ஒரு நாள் விடுமுறை மட்டுமே கிடைக்கும் அப்பகுதி மக்களுக்கு ஏற்ற இடம் ஆகும்.

அமைவிடம்

வாணியம்பாடி - திருப்பத்தூர் சாலையிலுள்ள பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மலைப்பாதை மேலே செல்கிறது. அருகிலுள்ள பெரிய தொடருந்து நிலையம் சோலையார்பேட்டை சந்திப்பு ஆகும். மலையின் மேற்பகுதி சுமார் 1,000 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலம். அங்கு மலையாளி எனப்படும் பழங்குடியினரின் சிற்றூர்கள் உள்ளன. மிக உயர்ந்த இடமான சுவாமிமலை 1,300 மீட்டருக்குச் சற்று மேற்பட்டது. மங்கலம் என்னும் ஊரிலிருந்து அதற்கு நடைபாதை உண்டு. ஏற்றத்தின் பெரும்பகுதியைப் பேருந்தே ஏறிவிடுவதால், நடப்பவருக்கு எஞ்சுவது சுமார் 300 மீட்டர் ஏற்றம் மட்டுமே. இவ்வழியை எளிதெனப் பலர் கருதுவதற்கும், ஆயத்தமின்றிச் செல்வதற்கும் இதுவே காரணம் எனலாம்.

நேரக் கணிப்பு

மலைநடையைத் தொலைவை மட்டும் கொண்டு அளப்பது தவறாகும். இசுக்காட்லாந்து மலையேறுநர் வில்லியம் நெய்சுமித் 1892 இல் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் 1 மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 1 மணி நேரம். இதன்படி 6 கிலோமீட்டர் தொலைவும் 300 மீட்டர் ஏற்றமும் உள்ள நடைக்கு ஏறக்குறைய 1 மணி 42 நிமிடங்கள் ஆகும். ஆனால் இவ்விதி குளிர்நாட்டில், பழகிய நடையருக்காக, ஓய்வு நேரத்தைச் சேர்க்காமல் வகுக்கப்பட்டது. வேலூர்ப் பகுதியின் வெயிலில், குழுவாகச் செல்லும் புதியவர்கள் இதைப்போல் இரு மடங்கு நேரத்தை ஒதுக்குவது பொருத்தமானது. குழுவின் வேகம் என்பது அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே.

டிசம்பரில் இங்கு மாலை 6 மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது. எனவே திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே முடிவு செய்து, உச்சியை அடையாவிட்டாலும் அந்நேரத்தில் திரும்புவது வழக்கம்.

சுற்றுப்பாதையும் சலகம்பாறையும்

சென்ற வழியே திரும்பும் பாதையில் எந்த இடத்திலும் மனம் மாறித் திரும்பலாம். முகட்டைச் சுற்றிவரும் பாதையில் அவ்வாறு இயலாது. பாதித் தொலைவைக் கடந்த பின் திரும்புவது, முன்செல்வதை விட நீண்டதாகிவிடும். ஆகவே தண்ணீர், நேரம், உடல்நிலை ஆகியவற்றைப் பாதிவழிக்கு முன்னரே சரிபார்த்தல் வேண்டும்.

ஏலகிரியில் இச்சிக்கல் வேறு வடிவில் தோன்றுகிறது. அட்டாறு விழும் சலகம்பாறை அருவி மலையின் மறுபுறச் சரிவில், திருப்பத்தூர்ப் பக்கத்தில் உள்ளது. மேட்டுநிலத்திலிருந்து காட்டுவழியே அங்கு இறங்கும்போது கடினமான பகுதி இறுதிக்கு ஒத்திவைக்கப்படுகிறது: காலையில் தெம்புடன் இறங்கியவர், நண்பகலுக்குப் பின் களைப்புடன் ஏறவேண்டும். ஏற மனமில்லாதவர் திருப்பத்தூர் வழியாகச் சாலையில் மலையைச் சுற்றி வரவேண்டும். அதற்கான வண்டியை முன்கூட்டியே ஏற்பாடு செய்யாதவர்கள் அருவியடியில் தவிக்க நேரிடும். அருவியும் மழைக்காலத்திலும் அதையடுத்த வாரங்களிலுமே நன்கு விழுகிறது.

பருவமும் காட்டுத்தீயும்

மழைக்குப் பிந்தைய டிசம்பர், சனவரி மாதங்கள் நடைக்கு ஏற்றவை. பிப்ரவரி இறுதியிலிருந்து புல் காய்ந்து, காட்டுத்தீ அச்சம் மிகுகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைப்பகுதியில் மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கினர். அவ்விபத்தில் 23 பேர் இறந்தனர். அதன் பின்னரே மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகளைத் தமிழ்நாடு அரசு வகுத்தது.

தீ சரிவில் மேல்நோக்கி விரைந்து பரவும். மேலெழும் வெப்பம் மேலேயுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திவிடுவது இதன் காரணம். எனவே கீழே தீயைக் கண்டவர் உச்சியை நோக்கி ஓடுவது பேராபத்து. பக்கவாட்டில் விலகி, புல்லற்ற பாறைப்பரப்பையோ ஏற்கெனவே எரிந்து தணிந்த நிலத்தையோ அடைய முயல வேண்டும். ஓடைப்பள்ளங்கள் புகைபோக்கி போலத் தீயை இழுப்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

அனுமதி

காப்புக்காட்டினுள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றமாகும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளுக்கு இணையவழிப் பதிவு முறையைத் தொடங்கியது. ஏலகிரி சுவாமிமலைப் பாதையும் சலகம்பாறைப் பாதையும் அவற்றுள் அடங்கும். பதிவு செய்தவர்களுடன் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் வருகின்றனர். தீப்பருவத்தில் பாதைகள் மூடப்படலாம் என்பதால், நாள் குறிக்கும் முன் இதனை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கொண்டு செல்ல வேண்டியவை

நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் தேவை. 5 மணி நேர நடைக்கு இரண்டரை லிட்டர். வழியில் ஊற்று கிடைக்கும் என நம்பிச் செல்லலாகாது. அடிவாரப் பாலாற்றுச் சமவெளியின் கிணறுகளும் நம்பத்தக்கவை அல்ல. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் அவை கெட்டதே 1996 ஆம் ஆண்டின் புகழ்பெற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு வழிவகுத்தது. எனவே தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுவருவது நல்லது. பிடிப்புள்ள காலணி, தொப்பி, கைவிளக்கு, உப்புள்ள தின்பண்டம் ஆகியனவும் தேவை. கைபேசித் தொடர்பு சரிவுகளில் விட்டுவிட்டே கிடைக்கலாம் என்பதால், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் மங்கலத்திலோ தங்குமிடத்திலோ ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்லலாம்.